காசு தொலைந்தது, படம் மிஞ்சியது

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு நீங்க ஒரு தடவையாவது போயிருப்பீங்க. சாமி கும்பிடப் போகலைன்னாலும் செமஸ்டர் ரிசல்ட் வருவதற்கு முந்தின நாளாவது போயிருப்பீங்க. சன்னதிக்கு முன்னால் இருக்கும் இரண்டு எருக்கந்தூண்களையும், சாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் நந்தியையும் பார்த்திருப்பீங்க. ஆனால் சுவரில் இருக்கும் எழுத்துகளை நின்று பார்த்தீங்களா? அந்தக் கல்வெட்டுகளில் உத்தம சோழன் காலத்தவையும் உண்டு. அவனுடைய தாய் செம்பியன் மாதேவி இந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தி அவற்றில் வருகிறது. உத்தம சோழன் யார் என்று யோசிக்கிறீங்களா? ராஜராஜ சோழனுக்கு முன்னால் ஆண்டவன். பொன்னியின் செல்வன் படம் பார்த்தவர்களுக்கு மதுராந்தகன் என்று சொன்னால் உடனே புரியும்.

அந்த உத்தம சோழன் பெயரில் ஒரு தங்கக் காசு இருந்தது. உட்கார்ந்திருக்கும் புலி, அதன் பக்கத்தில் ஒரு மீன், சுற்றிலும் கிரந்த எழுத்தில் அரசன் பெயர், ஓரத்தில் முத்து முத்தாகப் புள்ளி வளையம். தஞ்சைச் சோழர்களின் காசுகளில், அரசன் பெயரோடு தெரியவந்த மிகப் பழையவற்றில் ஒன்று என்று நாணய ஆய்வாளர்கள் இதைச் சொல்வார்கள். சரி, எந்த மியூசியத்தில் போய்ப் பார்ப்பது? எங்கேயும் பார்க்க முடியாது. அந்தக் காசு இன்று எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. இருப்பது ஒரு படம் மட்டும்தான். 1880களில் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தில், வரிசை எண் 151.

அந்தப் புத்தகத்தின் பெயர் தமிழில் சொன்னால் 'தென்னிந்திய நாணயங்கள்'. எழுதியவர் சர் வால்டர் எலியட். எலியட் என்றதும் பெசன்ட் நகர் பீச் ஞாபகம் வருதா? அந்த எலியட் வேறு, எட்வர்ட் எலியட். நம்ம ஆள் பேரில் பீச் எதுவும் கிடையாது. ஆனால் சோழன், சாளுக்கியன், பாண்டியன் என்று நாம் காசை வைத்து இன்று பேசும் பேச்சுக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்க. கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் சொல்லப் போறேன்.

பதினெட்டு வயசுப் பையன்

வால்டர் எலியட் 1803 ஜனவரி 16 அன்று பிறந்தார். குடும்பம் ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், ராக்ஸ்பர்க்‌ஷயர் பகுதியில், உல்ஃப்லீ என்ற ஊர்ப் பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குத் தேர்வாகி, 1818இல் ஹெய்லிபரி கல்லூரிக்குப் போனார். கம்பெனி தன் அதிகாரிகளைத் தயார்பண்ணுவதற்காகவே நடத்திய கல்லூரி அது. 1821இல் மெட்ராஸ் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18. நாம ஃபர்ஸ்ட் இயர் சேரும் வயசு.

அந்த நேரத்து மெட்ராஸில் பணம் என்பது பெரிய குழப்பம். 80 காசு சேர்ந்தால் ஒரு பணம், 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு, 1818இல்தான் மெட்ராஸ் மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியிருந்தது. ஆனால் அரசாங்கம் மாறிவிட்டது என்பதற்காகச் சந்தை உடனே மாறிவிடுமா? கடைத்தெருவில் கம்பெனியின் காசு, ஆற்காட்டு நவாப் காசு, பழவேற்காட்டு டச்சுக்காரர் காசு, நாயக்கர் காசு எல்லாம் கலந்து கைமாறின. 1808ஆம் ஆண்டுக் கம்பெனிச் செப்புக் காசுகள் பல பர்மிங்காமில் நீராவி இயந்திரத்தில் அடிக்கப்பட்டு கப்பலில் வந்தவை. அதே கல்லாப்பெட்டியில், சம்மட்டியால் அடித்த, வட்டம் கூடச் சரியாக அமையாத நாயக்கர் காசும் கிடக்கும். மெஷின் வேலையும் கைவேலையும் ஒரே பெட்டியில். இங்கிலீஷ்காரர்கள் நம்முடைய சின்னக் காசைச் சொல்லப் பயன்படுத்திய வார்த்தையான கேஷ், நம்ம காசிலிருந்துதான் போனது என்பது கூடுதல் தகவல்.

இந்தக் குழப்பத்தில் பழைய காசுக்கு என்ன கதி? செல்லாத காசு என்றால் அது வெறும் செம்பு, வெறும் தங்கம். தட்டார் உலைக்குப் போகும். மூக்குத்தியாகவோ குத்துவிளக்காகவோ திரும்பி வரும். ராஜாவின் பெயர் அங்கேயே உருகி முடிந்துவிடும். எலியட் வந்து இறங்கியது இப்படி உருகிக்கொண்டிருந்த ஒரு காலத்தில்.

கித்தூரில் கைதி

1823இல் சேலம் கலெக்டருக்கு உதவியாளராக வேலை தொடங்கியது. சீக்கிரமே தென் மராத்தா பகுதிக்கு, அதாவது இன்றைய வட கர்நாடகத்துக்கு மாற்றினார்கள். போன கொஞ்ச நாளில் பெரிய சிக்கல். 1824 அக்டோபரில் கித்தூர் ராணி சென்னம்மாவின் படை கம்பெனியை எதிர்த்து எழுந்தது. கம்பெனியின் ஏஜென்ட் தாக்கரே கொல்லப்பட்டார். எலியட்டும் ஸ்டீவன்சன் என்ற இன்னொரு உதவியாளரும் பிடிபட்டார்கள். பல வாரம் காவலில் இருந்து, பிறகு உயிரோடு விடுவிக்கப்பட்டார்கள். அவர்களை விட்டால் போர் நிற்கும் என்ற நம்பிக்கையில் ராணி விட்டார் என்றும், கம்பெனி அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்றும் கர்நாடகத்தில் இன்றும் சொல்வார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கித்தூர் கோட்டை விழுந்தது.

இந்த இடத்தை ஏன் சொல்றேன்னா, எலியட்டை நாம் சாமியாக்கிவிடக் கூடாது. அவர் வந்தது வரி வசூலிக்கும் ஒரு கம்பெனியின் ஆளாக. அவர் செய்த நல்லது எல்லாம் அந்த வேலைக்கு நடுவில், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

ஆனால் இருபது வயதுக்காரர் ஒருவர், தன்னைச் சிறைபிடித்த ஊரை வெறுத்து ஓடியிருக்கலாம். இவர் ஓடவில்லை. அந்தப் பகுதி பம்பாய் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டபோதும், மெட்ராஸுக்குத் திரும்பாமல் 1833 வரை அங்கேயே இருந்தார். கோயில் கோயிலாகக் கிடந்த கன்னடக் கல்வெட்டுகளைப் படிக்கப் பழைய எழுத்தைக் கற்றுக்கொண்டார். பிரதி எடுப்பதற்கு ஆட்களைப் பழக்கினார். அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்து 595 கல்வெட்டுகளின் பிரதிகளைத் தொகுப்பாக்கினார். அவற்றை வைத்து 1830களில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சாளுக்கிய மன்னர்களின் வரிசையை ஓரளவு ஒழுங்காக அடுக்கிக் காட்டிய ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

இந்தக் கல்வெட்டு வேலைதான் பின்னால் காசு வேலைக்குக் கைகொடுத்தது. ஏன்னா, காசில் இருப்பது அரை வார்த்தை. அது யார் பெயர் என்று தெரிய, முழு வார்த்தை இருக்கும் கல்வெட்டைத் தெரிந்திருக்க வேண்டும்.

புறா, மூஞ்சூறு, பளிங்குக் கல்

1833 கடைசியில் விடுமுறையில் கிளம்பினார். செங்கடல் வழியாக எகிப்து, அங்கிருந்து பாலஸ்தீனம், கான்ஸ்டான்டினோபிள், ஏதென்ஸ், ரோம் என்று சுற்றிவிட்டு 1835இல்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே மறுபடி கப்பல். மெட்ராஸ் கவர்னராக வந்த எல்பின்ஸ்டன் பிரபு அவருக்குச் சொந்தம். அவருடைய தனிச் செயலராக 1842 வரை இருந்தார்.

இந்த மனிதருக்கு எதைப் பார்த்தாலும் பட்டியல் போடும் பழக்கம். தென் மராத்தா பகுதியின் பாலூட்டிகளைப் பட்டியல் போட்டு 1839இல் வெளியிட்டார். தென்னிந்தியாவில் இருக்கும் ஒரு மர மூஞ்சூறுக்கு அறிவியல் பெயரில் எலியட் பெயர்தான் இருக்கிறது. தெலுங்குப் பகுதித் தாவரங்களுக்கு உள்ளூர்ப் பெயர்களோடு ஒரு புத்தகம் போட்டார். சார்லஸ் டார்வின் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி ஆராய்ந்தபோது மெட்ராஸ் பக்கத்துப் புறாக்களின் தோல்களை அனுப்பி உதவியவர்களில் இவரும் ஒருவர். டார்வின் தன் புத்தகத்தில் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

1845இல் குண்டூர் மாவட்டத்தில் வரி வருமானம் ஏன் விழுந்தது என்று விசாரிக்க அனுப்பப்பட்டார். அந்த வேலையோடு அமராவதி ஸ்தூபியையும் தோண்டினார். அங்கிருந்து எடுத்த சிற்பக் கற்கள் மெட்ராஸுக்கு வந்தன, வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன, பிறகு லண்டனுக்குக் கப்பலேறின. அங்கேயும் ஒரு மாளிகையின் வண்டிக் கொட்டகையில் கிடந்தவற்றை 1867 வாக்கில் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை ஆய்வாளர் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார். ரொம்ப நாள் அவற்றுக்கு எலியட் மார்பிள்ஸ் என்றே பெயர். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிங்க. அமராவதிக் கல் நம் கையைவிட்டுப் போனது ஒரு இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. அந்தத் தோண்டலில் எந்தக் கல் எந்த இடத்தில், எந்தக் கல்லுக்கு மேலே, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்ற முழுப் பதிவு மிஞ்சவில்லை. கல் இருக்கு, முகவரி இல்லை. ஒரு மெஷினைப் பிரித்து எல்லா பாகத்தையும் சாக்கில் கட்டிவிட்டு அசெம்பிளி டிராயிங்கைத் தொலைத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஸ்தூபியை மனதில் திரும்பக் கட்டிப் பார்க்க ஆய்வாளர்கள் இன்னும் பாடுபடுகிறார்கள்.

அமராவதியில் பொருள் மிஞ்சியது, பதிவு மிஞ்சவில்லை. உத்தம சோழன் காசில் பொருள் போனது, பதிவு மிஞ்சியது. இரண்டும் ஒரே மனிதரின் கையில் நடந்தவை. இப்போது சொல்லுங்க, எது நமக்கு அதிகம் பயன்பட்டது?

சின்னக் காசு, பெரிய துப்பறிதல்

வடசர்க்கார் மாவட்டங்களின் கமிஷனராக 1854 வரை இருந்துவிட்டு, மெட்ராஸ் கவர்னரின் ஆலோசனைச் சபை உறுப்பினரானார். இந்த வருஷங்களில்தான் காசு பற்றி எழுதத் தொடங்கினார். மெட்ராஸ் இலக்கியச் சங்கத்தின் இதழில் 1857, 1858 வாக்கில் கட்டுரைகள் வந்தன.

ஒரு பழைய காசு கையில் வந்தால் அதை அடையாளம் காண்பது எப்படி? நீங்க உடனே படத்தைப் பார்ப்பீங்க. புலி என்றால் சோழன், மீன் என்றால் பாண்டியன், வில் என்றால் சேரன், பன்றி என்றால் சாளுக்கியன். வராகன் என்ற பெயரே அந்தப் பன்றி முத்திரையிலிருந்து வந்ததுதான். ஆனால் படத்தை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீங்க. சாளுக்கியருக்குப் பல நூறு ஆண்டு கழித்து விஜயநகர அரசர்களும் பன்றியை முத்திரையாக வைத்தார்கள். உத்தம சோழன் காசிலேயே புலியோடு மீனும் இருக்கிறது.

இன்னொரு உதாரணம் ராஜராஜன் காசு. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கை ஓரத்தில் நாகரி எழுத்தில் பெயர். இதே அச்சை ஈழத்து அரசர்களும் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி என்று பல பெயர்களில் அதே மனிதன் நிற்கிறான். தேய்ந்த காசு ஒன்று கிடைத்தால் அது தஞ்சாவூர் ஆளா, பொலன்னறுவை ஆளா என்று சொல்ல இரண்டு மூன்று எழுத்துகள்தான் ஆதாரம்.

அதனால் படத்தோடு எழுத்து, எழுத்தோடு எடை, எடையோடு உலோகம், எல்லாவற்றோடும் கிடைத்த இடம் என்று நாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடைக்காலத்தில் காசு அடித்தது ஒரு தனித் தொழில். தங்கத்தையோ செம்பையோ உருக்கி, எடை சரிபார்த்து, வில்லையாக்கி, கீழச்சின் மேல் வைத்து, மேலச்சை வைத்து ஒரே அடி. அச்சு நடுவில் உட்காராமல் போனால் பாதிப் பெயர் வெளியே போய்விடும். படம் விலகலாம், எழுத்து அரையாகலாம், ஆனால் எடையை மட்டும் அக்கசாலைக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார். தங்கத்தில் ஒரு குன்றிமணி கூடினால் அரசனுக்கு நஷ்டம், குறைந்தால் வியாபாரி வாங்க மாட்டான். அதனால்தான் பழைய நாணயப் புத்தகங்கள் கிரெய்ன் கணக்கில் எடையை விடாமல் போடும். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். நம்ம லேபில் டாலரன்ஸ் என்று எதைப் படிக்கிறோமோ, அதை அன்றைக்குத் தராசிலேயே பிடித்து வைத்திருந்தார்கள்.

தப்பாகச் சொன்னதும் உதவியது

எலியட்டுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்துவிடவில்லை. அவர் தப்பு செய்த ஒரு இடம் நம்ம ஊர்க் கதையோடு ஒட்டுகிறது.

மெட்ராஸிலிருந்து கடலூர் வரையிலான கடற்கரையில் சின்னச் சின்ன ஈயக் காசுகள் கிடைக்கும். இரண்டு பாய்மரம் உள்ள கப்பல் அதில் இருக்கும். இவை யாருடையவை? தொண்டை மண்டலத்தைச் சோழர் பிடிப்பதற்கு முன் இங்கே குறும்பர்கள் ஆண்டார்கள் என்பது அன்று பரவலாகச் சொல்லப்பட்ட வரலாறு. திருமுல்லைவாயில் தலபுராணத்திலும் அதே குறும்பர்தான் வருகிறார்கள். புழல் கோட்டைக் குறும்பரோடு சண்டைக்குப் போன தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, அதை வெட்டப்போய் லிங்கம் வெளிப்பட்டது, பிறகு குறும்பரை வென்று அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததுதான் அந்த எருக்கந்தூண்கள் என்பார்கள். எலியட் அந்தக் கப்பல் காசுகளைக் குறும்பர் அல்லது பல்லவர் காலத்தவை என்று கருதினார்.

பின்னால் வந்தவர்கள் அதே காசுகளில் மிச்சமிருந்த எழுத்துகளைக் கவனமாகப் படித்தார்கள். சாதவாகன அரசனான புலுமாவியின் பெயர் தெரிந்தது. அதாவது பல்லவருக்கும் முந்தைய காலம். லண்டனில் ராப்சன் 1908இல் போட்ட சாதவாகன நாணயப் பட்டியலில் கப்பல் காசுகள் ஆந்திர அரசர் வரிசையில் போய் உட்கார்ந்தன.

இதில் எலியட்டுக்கு அவமானம் எதுவும் இல்லை. யோசிச்சுப் பாருங்க. அவருடைய முடிவு தப்பு, ஆனால் படம் சரி, கிடைத்த கடற்கரை சரி. அதனால்தான் அடுத்த ஆள் வந்து திருத்த முடிந்தது. குறும்பர் காசு என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு, படத்தையும் இடத்தையும் விட்டிருந்தால் அந்தத் தப்பு இன்று வரை உண்மையாகவே நடமாடிக்கொண்டிருக்கும். ரீடிங் சரியாக இருந்தால் இன்ஃபெரன்ஸை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். லேப் ரெக்கார்டில் நாம் ரீடிங்கையே முடிவுக்கு ஏற்ற மாதிரி போட்டுக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிர் இது.

கண் போன பிறகு ஒரு புத்தகம்

1858 நவம்பரில் கம்பெனி ஆட்சி முடிந்து ராணி விக்டோரியாவின் ஆட்சி வந்தது. மெட்ராஸில் கவர்னருக்கு உடல்நிலை சரியில்லாததால் மூத்த சபை உறுப்பினரான எலியட்தான் அந்த அறிவிப்பை வெளியிடும் பொறுப்பை ஏற்றார். 1860இல் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். 1866இல் சர் பட்டம் வந்தது.

உல்ஃப்லீ வீட்டில் ஓய்வாக இருந்திருக்கலாம். ஆனால் முக்கியமான வேலை இன்னும் பாக்கி. நாற்பது வருஷத்துக் காசுகள், குறிப்புகள், கேள்விகள் எல்லாம் மூட்டையாக இருக்கின்றன. அவருக்கோ சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. வயதாக ஆக அதுவும் மங்கியது. 'தென்னிந்திய நாணயங்கள்' தயாரான நேரத்தில் அவர் கிட்டத்தட்ட முழுக்கவே பார்வை இழந்திருந்தார்.

நாணய ஆய்வு என்பது கண்ணை நம்பிய வேலை. பத்து மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அரை எழுத்தைத் தேடும் வேலை. அதை ஒரு பார்வையற்ற எண்பது வயதுக்காரர் முடித்தார் என்றால் எப்படி? ஞாபகம் ஒரு காரணம். இன்னொரு காரணம், கண் நன்றாக இருந்த காலத்தில் அவர் சேர்த்துவைத்த பதிவுகள். எழுதிவைத்ததை அடுத்தவர் படித்துக் காட்ட முடியும். எழுதாததை யார் படித்துக் காட்டுவது? தன்னுடைய பழைய குறிப்புகளுக்கு அவரே ஒரு வாசகராக, மற்றவர் கண் வழியாகத் திரும்பி வர வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகத்தில்தான் எண் 151 இருக்கிறது. காசு பிறகு எந்தக் கைக்குப் போனது, உருகியதா, ஏதாவது பழைய பெட்டியின் மூலையில் கிடக்கிறதா, யாருக்கும் தெரியாது. ஆனால் சோழர் வரலாறு எழுதும் யாரும் இன்றும் அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாது. அந்தப் படம் இல்லையென்றால் உத்தம சோழன் தன் பெயரில் இப்படி ஒரு தங்கக் காசு அடித்தான் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கடைசி நாள்

1887 மார்ச் 1. எலியட்டுக்கு வயது 84. அன்று காலையில் ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்து, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். ஆமாம், திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்த அதே போப். அவருடைய குறள் பதிப்பு வரப்போகிறது என்ற செய்தியை முந்தின நாள்தான் எலியட் கேட்டிருந்தார். அதோடு ஒரு கேள்வியும் வைத்தார். எல்லிஸ் எழுதிய பழைய தாள்கள் சில தன்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன, அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்று.

இந்த எல்லிஸ், 1810இல் மெட்ராஸ் கலெக்டரான எஃப்.டபிள்யூ. எல்லிஸ். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு முன்பே எழுதியவர். குறளுக்கு உரை எழுதத் தொடங்கி முடிக்காமல் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் பெரும்பகுதி, மதுரையில் ஒரு அதிகாரி வீட்டுச் சமையல்கட்டில் அடுப்பு மூட்டப் போய்விட்டது என்று சொல்வார்கள். மிஞ்சியதில் ஒரு பகுதிதான் எலியட் கையில் இருந்தது.

இன்னொரு விஷயம் தெரியுமா? மெட்ராஸ் அக்கசாலை எல்லிஸின் பொறுப்பில் இருந்த காலத்தில் திருவள்ளுவர் உருவத்தோடு ஒரு தங்க நாணயம் அடிக்கப்பட்டது. அந்த நாணயத்தில் இருப்பது வள்ளுவர்தான், அதன் பின்னால் இருந்தவர் எல்லிஸ்தான் என்று 1990களில் எடுத்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். கிட்டத்தட்ட 180 வருஷம் அந்தக் காசு இருந்தும் அதற்குப் பெயர் இல்லாமல் இருந்தது.

கடிதம் போட்ட அன்று மாலையே எலியட் இறந்துபோனார். கடைசி நாளில் அவருக்கு இருந்த கவலை தன் பணத்தைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ இல்லை. தன்னோடு சேர்ந்து இன்னொருவரின் குறிப்பும் போய்விடக் கூடாது என்பதுதான்.

இப்போ உங்க வேலை

நம்ம ஏரியாவைச் சுற்றிப் பாருங்க. ஆவடி, அம்பத்தூர், அயனம்பாக்கம், பூந்தமல்லி, எங்கே திரும்பினாலும் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், மழைநீர்க் கால்வாய் வெட்டுகிறார்கள், ஏரியைத் தூர் வாருகிறார்கள். ஆயிரம் வருஷமாக ஆள் நடமாடிய மண் இது. ஜேசிபி கொட்டும் மண்ணில் ஒரு பச்சைக் களிம்பேறிய வில்லை தெரிந்தால் என்ன செய்வீங்க? சிவில் படிக்கிறவங்க கட்டாயம் ஒரு நாள் அந்த மண் பக்கத்தில் நிற்கப்போறீங்க.

முதலில், தேய்க்காதீங்க. வீட்டில் செம்புக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்த்தால் பளபளவென்று ஆகும், எழுத்து போய்விடும். களிம்புக்கு அடியில்தான் அந்த எழுத்து இவ்வளவு நாள் தப்பித்து இருந்தது. ஒட்டிய மண்ணைத் தண்ணீரில் கூட அலசாமல் அப்படியே காகிதத்தில் மடித்து வையுங்க.

இரண்டாவது, இடத்தை எழுதுங்க. ஊர், தெரு, எவ்வளவு ஆழம், மணலா களிமண்ணா, கூட ஓடு, மணி, எலும்பு ஏதாவது கிடந்ததா. போனில் மேப்பைத் திறந்து புள்ளியைக் குறித்துவையுங்க. எலியட்டுக்குக் கிடைக்காத வசதி இது.

மூன்றாவது, இரண்டு பக்கமும் படம் எடுங்க, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. வெளிச்சம் சாய்வாக ஒரு பக்கத்திலிருந்து விழட்டும். தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். முடிந்தால் நகைக்கடைத் தராசில் எடை, வெர்னியரில் குறுக்களவும் தடிமனும். ஒரு காகிதத்தில் கையால் வரைந்தும் பாருங்க. வரையும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கும்.

நான்காவது, ஒப்படையுங்க. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் வரும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் தண்டனை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் அங்கிருந்து மேலே போகும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயச் சேமிப்பில் பெரும்பகுதி இப்படிப் புதையலாகக் கிடைத்து வந்து சேர்ந்ததுதான்.

ஆன்லைனில் விற்றால் ஐந்நூறோ ஆயிரமோ கிடைக்கலாம். அப்படி விற்ற காசு எந்த ஊரில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதை அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது. அமராவதிக் கல்லுக்கு வந்த கதிதான் அதற்கும்.

அடுத்த தடவை மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனால் நந்தியைப் பார்த்துவிட்டு சுவர்ப்பக்கம் ஒரு சுற்று வாங்க. அங்கே உத்தம சோழன் கல்லில் இருக்கிறான். அவன் தங்கத்தில் இருந்ததற்கு மிச்சம் ஒரு படம்தான். நாளைக்கு உங்க காலடியில் எது தட்டுப்படுமோ தெரியாது. தட்டுப்பட்டால், பாக்கெட்டில் போடுவதற்கு முன்னால் நோட்டை எடுங்க.